புறப்படும் முன் டேட்டாலிங்க் நின்றுவிட்டால்: அறிகுறி வாரியாக என்ன செய்வது

புறப்பட இன்னும் 35 நிமிடம். காக்பிட்டின் விசைப்பலகைத் திரையான எம்சிடியுவில், விமான நிலைய வானிலை, ஓடுபாதை விவரமான ஏடிஐஎஸ் கேட்டு அனுப்புகிறீர்கள், பதில் இல்லை. காற்று விவரம் கேட்கிறீர்கள், அதுவும் இல்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார், அப்புறம் இன்னொருமுறை. இப்படியே பத்து நிமிடம் கரைந்துவிடும். அந்தப் பத்து நிமிடம் பின்னால் மிகவும் தேவைப்படும். அதைக் காப்பாற்றத்தான் இதை எழுதுகிறேன்.

1978-இல் அமெரிக்காவின் ஏரிங்க் நிறுவனம் ஏகார்ஸை, அதாவது விமானமும் தரையும் எழுத்துச் செய்தி பரிமாறும் டேட்டாலிங்க் முறையை, கொண்டுவந்தபோது அதன் வேலை சின்னதுதான்: விமானிகள் புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம் போன்றவற்றை ரேடியோவில் சொல்லிக்கொண்டிருப்பதைக் குறைப்பது. இன்றைக்கு வானிலை, பாதை, காற்று, கிளியரன்ஸ் (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடான ஏடிசி தரும் அனுமதி), லோட் ஷீட் (விமான எடை விவரத் தாள்), டேக்-ஆஃப் கணக்கு எல்லாமே அந்த வழியாகத்தான் வருகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் குரல் வழியோ காகித வழியோ இன்னும் இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய வழியில் எண்களைக் கையால் எழுதி, கையால் தட்ட வேண்டும். டேட்டாலிங்க் இல்லாமல் விமானம் பத்திரமாகப் பறக்கும். அவசரத்தில் தட்டிய ஒரு தப்பான எண்ணோடு பத்திரமாகப் பறக்குமா என்பதுதான் என் கவலை.

இது ஏ320 வரிசையை வைத்து எழுதியது. போயிங்கில் பெயர்கள் மாறும், தேடும் முறை ஒன்றுதான். உங்கள் நிறுவனக் கையேடும் எம்இஎல்லும் (எந்தக் கருவி பழுதானாலும் புறப்படலாம் என்ற பட்டியல்) வேறு சொன்னால், அவை சொல்வதையே செய்யுங்கள்.

முதலில், எங்கே அறுந்தது?

டேட்டாலிங்க் மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலி. விமானத்துக்குள் இருக்கும் பெட்டியும் அதன் ரேடியோவும் ஒன்று. நடுவில் ஏரிங்க், சிட்டா போன்ற சேவையாளர்களின் தரை நிலையங்களும் செயற்கைக்கோள்களும். அந்தக் கோடியில் நம் கம்பெனியின் கணினியோ ஏடிசியின் கணினியோ. எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரியாமல் ரீசெட்டில் இறங்கினால், நல்ல நிலையில் உள்ள பெட்டியை அணைத்து ஏற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். டேட்டாலிங்குக்குப் பயன்படும் மூன்றாவது ரேடியோவான விஎச்எஃப் 3 எந்த நிலையில் இருக்கிறது, குரலா டேட்டாவா என்று பாருங்கள். கடைசியாக வந்த செய்தியின் நேரத்தைப் பாருங்கள். கம்பெனி அலைவரிசையில் பக்கத்து பேயில் (நிறுத்துமிடத்தில்) நிற்கும் நம் விமானத்தைக் கூப்பிட்டு, "உங்களுக்கு ஏகார்ஸ் வருதா?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் அதிக நேரம் மிச்சப்படுத்தும், ஆனால் அதைத்தான் பலரும் கேட்பதில்லை.

அறிகுறி: எதுவும் போகவில்லை, எதுவும் வரவில்லை

நான் பார்த்தவரை, இதற்கு மிகச் சாதாரணமான காரணம் விஎச்எஃப் 3 குரல் நிலையில் மாட்டிக்கொண்டிருப்பது. முந்தைய குழு வந்திறங்கும்போது யாரோ ஏடிஐஎஸ் கேட்கவோ கம்பெனியிடம் பேசவோ விஎச்எஃப் 3-ஐ எடுத்திருப்பார், திருப்பி வைத்திருக்க மாட்டார். ரேடியோ கட்டுப்பாட்டுப் பெட்டியான ஆர்எம்பியில் விஎச்எஃப் 3-ஐத் தேர்ந்தெடுத்தால் 'டேட்டா' அல்லது 'ஏகார்ஸ்' என்ற சொல் செயல்படும் சாளரத்தில் தெரிய வேண்டும். அங்கே எண் தெரிந்தால் மாற்றும் பட்டனை ஒருமுறை அழுத்தினாலே போதும். எச்சரிக்கைத் திரையான ஈகாமில் 'விஎச்எஃப் 3 வாய்ஸ்' என்ற மெமோவும் இதையே சொல்கிறது. எந்த ஆர்எம்பியிலிருந்தும் விஎச்எஃப் 3-ஐ மாற்ற முடியும் என்பதால், உங்கள் பக்கத்துப் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள்.

விஎச்எஃப் 3 சரியாக இருந்தும் 'ஏகார்ஸ் ஸ்டாண்ட்பை' என்று மெமோ நின்றால், பெட்டி உயிரோடு இருக்கிறது, தரையோடு தொடர்புதான் இல்லை. விஎச்எஃப் நேர்க்கோட்டில் போகும் அலை. முனையக் கட்டடமோ ஹேங்கரோ நடுவில் நின்றால் சில பேக்களில் சிக்னல் எட்டாது. அந்த விமான நிலையத்துக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு எந்த பே என்று தெரிந்திருக்கும். புஷ்பேக் (வண்டியால் பின்னுக்குத் தள்ளுதல்) முடிந்து நாலு அடி நகர்ந்ததும் எல்லாம் கொட்டும். அது நல்ல செய்தி மட்டும் அல்ல. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

விமானத்தில் சாட்காம் (செயற்கைக்கோள் தொடர்பு) இருந்தால் தானாக அந்தப் பக்கம் போகாதா என்று கேட்கலாம். போகும். ஆனால் இன்மார்சாட் ஆன்டெனா செயற்கைக்கோளை நோக்கித் திரும்ப, விமானம் எங்கே நிற்கிறது, எந்தத் திசையில் நிற்கிறது என்ற தகவல் வேண்டும். அந்தத் தகவலைத் தரும் ஐஆர்எஸ் கருவியின் அலைன்மென்ட் முடியும் முன்னே சாட்காமைக் குறை சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, மின்சாரம். தரை மின்சாரத்திலிருந்து விமானத்தின் துணை எஞ்சினான ஏபியுவுக்கு மாறிய உடனேயே பிரச்சினை தொடங்கியதா? பெட்டி மறுபடி ஏறிக்கொண்டிருக்கலாம். சில நிமிடம் விடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் இன்ஜினியரைக் கூப்பிட்டு, ரீசெட் பட்டியலில் அனுமதித்தபடி ரீசெட் செய்யுங்கள். தலைக்கு மேலே, முதுகுக்குப் பின்னே இருக்கும் சர்க்யூட் பிரேக்கரை நினைவை நம்பி இழுக்காதீர்கள். அந்தப் பலகையில் பக்கத்தில் இருப்பது வேறு ஏதோ ஒன்றின் உயிர்.

முந்தின இரவு பெட்டியை மாற்றியிருந்தால் டெக் லாகில் (பழுதுக் குறிப்பேட்டில்) இருக்கும். ஏகார்ஸ் செய்தி ஒவ்வொன்றும் விமானத்தின் பதிவு எண்ணை முகவரியாக வைத்துப் போகிறது. புதுப் பெட்டியில் அது சரியாகப் பதியவில்லை என்றால் தரைக்கு இந்த விமானம் யாரென்றே தெரியாது. இது இன்ஜினியர் சரிசெய்ய வேண்டியது, நாம் அழுத்திச் சரியாவதில்லை.

பக்கத்து விமானத்துக்கும் வரவில்லை என்றால்? நிறுத்திவிடுங்கள். 2017 ஜனவரி 22 அன்று யுனைடெட் நிறுவனம் ஏகார்ஸ் கோளாறால் தன் உள்நாட்டு விமானங்களை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தரையில் நிறுத்த வேண்டியிருந்தது. அன்றைக்கு எந்தக் காக்பிட்டில் எந்தப் பட்டனை அழுத்தியிருந்தாலும் பலன் இருந்திருக்காது. இப்படிப்பட்ட நாளில் முதல் ஐந்து நிமிடத்திலேயே குரல், காகிதம் என்று மாறிவிடுகிற குழுவுக்குத்தான் நிதானமாக வேலை செய்ய நேரம் கிடைக்கும்.

அறிகுறி: வருகிறது, ஆனால் மிகத் தாமதமாக

பழைய ஏகார்ஸ் விஎச்எஃப் நொடிக்கு 2,400 பிட் வேகத்தில் ஓடுகிறது. புதிய விடிஎல் மோட் 2 நொடிக்கு 31,500 பிட். காலை நெரிசலில் பெரிய விமான நிலையத்தில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கேட்கும்போது பழைய வழி திணறும். ஒருமுறை கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மறுபடி மறுபடி அனுப்பினால் வரிசை நீளும், ஒரே செய்தி மூன்று முறை வந்து எது புதிது என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

அறிகுறி: அனுப்பியது போகிறது, நமக்கான பதில் வருவதில்லை

விமான எண்ணைப் பாருங்கள். முந்தைய சுற்றின் எண் அப்படியே இருக்கலாம், ஓர் இலக்கம் மாறியிருக்கலாம். கம்பெனிக் கணினி அந்த எண்ணைப் பார்த்துத்தான் எந்த லோட் ஷீட், எந்தப் பாதை என்று முடிவு செய்கிறது. புறப்படும் ஊரும் சேரும் ஊரும் சரியா என்றும் கூடவே பாருங்கள். இதில் கவலை தருவது, தப்பான எண்ணுக்கும் பதில் வரக்கூடும் என்பதுதான். வேறு விமானத்தின் லோட் ஷீட் உங்கள் பிரிண்டரில் வந்து விழலாம். அதனால் எந்தத் தாள் வந்தாலும் முதலில் படிக்க வேண்டியது மேல் வரிதான்: விமான எண், பதிவு எண், தேதி. எடை அப்புறம்.

அறிகுறி: மெசேஜ் வந்ததாகக் காட்டுகிறது, தாள் வரவில்லை

பிரிண்டர். தாள் தீர்ந்திருக்கும் அல்லது சிக்கியிருக்கும். வந்த செய்திகள் பக்கத்தைத் திறந்து திரையில் படித்துக்கொள்ளலாம். புதுச் சுருள் எங்கே இருக்கிறது என்று இறங்கிப் போகும் குழுவிடம் கேட்டு வையுங்கள்.

அறிகுறி: மற்றதெல்லாம் வருகிறது, கிளியரன்ஸ் மட்டும் வரவில்லை

இங்கே எந்த ஊர், எந்த முறை என்பது முக்கியம்.

ஐரோப்பாவில் ஏகார்ஸ் வழியாக டிசிஎல் (புறப்பாட்டுக் கிளியரன்ஸ்) கேட்கும்போது தரைக் கணினி உடனே ஒரு நிலைச் செய்தி அனுப்பும். கோரிக்கை வந்துவிட்டது, காத்திருக்கவும் என்று அது சொன்னால் இணைப்பில் குறையில்லை, ஆளுக்குத்தான் வேலை அதிகம். விமானத் திட்டம் கைவசம் இல்லை, குரல் முறைக்குத் திரும்பவும் என்று சொன்னால், கோளாறு டேட்டாலிங்கில் இல்லை, கம்பெனியின் டிஸ்பாட்ச் பிரிவு போட்ட திட்டத்தில் இருக்கிறது. டிஸ்பாட்சைக் கூப்பிடுங்கள். கிளியரன்ஸ் வந்து நீங்கள் திருப்பி உறுதி அனுப்பிய பிறகும், அந்த உறுதி ஏற்கப்பட்டது என்ற கடைசிச் செய்தி வரும்வரை அது முடிந்த காரியம் அல்ல. அது வரவில்லை என்றால் குரலில் கேளுங்கள்.

அமெரிக்காவில் இரண்டு முறை உண்டு. பழைய பிடிசி (புறப்படும் முன் தரும் கிளியரன்ஸ்), டவரிலிருந்து கம்பெனிக் கணினிக்குப் போய், அங்கிருந்து ஏகார்ஸில் நமக்கு வருகிறது. நடுவில் அறுந்தால் டவரின் கணக்கில் கிளியரன்ஸ் கொடுத்தாயிற்று, நம் கையில் ஒன்றும் இல்லை. எனவே கிளியரன்ஸ் டெலிவரியைக் கூப்பிடும்போது "பிடிசி எங்களுக்கு வரவில்லை, முழுக் கிளியரன்ஸும் வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். டிரான்ஸ்பாண்டர் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு, பாதை தாக்கல் செய்தபடிதான் இருக்கும் என்று ஊகிப்பது கூடாது.

புதிய முறை, ஏடிசியும் விமானியும் நேரடியாக எழுத்தில் பேசும் சிபிடிஎல்சி வழி. இணைப்பைத் தொடங்கும் லாகான் முகவரி கே-யு-எஸ்-ஏ. லாகான் ஏற்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் பொருத்தம்தான். எம்சிடியுவில் உள்ள விமான அடையாளம், விமானத் திட்டப் படிவத்தின் 7-ஆம் கட்டத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பயணச் சீட்டில் இருக்கும் இரண்டெழுத்துக் குறியீடு அல்ல, ஏடிசிக்குக் கொடுத்த மூன்றெழுத்துக் குறியீடு. முன்னால் பூஜ்யம் சேர்த்தாலும் தப்பு. கடைசியில் எழுத்து வரும் அழைப்புப் பெயராக இருந்தால் அந்த எழுத்தும் வேண்டும். 18-ஆம் கட்டத்தில் உள்ள பதிவு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றிய நாளில் இதுதான் உதைக்கும். திட்டம் பழைய விமானத்தின் பெயரில் இருக்கும், நாம் புது விமானத்தில் உட்கார்ந்து லாகான் செய்துகொண்டிருப்போம். முந்தைய சுற்றின் இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்றும் பார்த்து, இருந்தால் முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். கடிகாரம் யுடிசியைச் சரியாகக் காட்டுகிறதா என்பதும் ஒரு பார்வை. இந்தச் செய்திகள் எல்லாம் நேர முத்திரையோடு போகின்றன.

சரி, எதுவும் ஆகவில்லை, குரலில் வாங்கப் போகிறீர்கள். ஒருவர் கேட்டு எழுதட்டும், மற்றவர் வேறு வேலை ஏதும் செய்யாமல் கூடவே கேட்கட்டும். 'கிராஃப்ட்' வரிசையில் தாளில் முன்கூட்டியே இடம் விட்டு வையுங்கள்: கிளியரன்ஸ் லிமிட், ரூட், ஆல்டிட்யூட், ஃப்ரீக்வென்சி, டிரான்ஸ்பாண்டர். எழுதிய தாளை, விமானத்தின் வழிகாட்டிக் கணினியான எஃப்எம்எஸ்ஸில் உள்ள பாதையோடு இருவரும் விரல் வைத்து ஒப்பிட்ட பிறகுதான் அது முடிந்தது.

அறிகுறி: ஏடிசி பேசுகிறது, கம்பெனி பேசவில்லை

அறுந்தது கடைசிக் கண்ணி. போனை எடுத்து டிஸ்பாட்சைக் கூப்பிடுங்கள். உங்கள் ஒருவருக்குத்தானா, எல்லோருக்குமா என்று அவர்களுக்குத் தெரியும்.

அறிகுறி: பாதை, காற்று ஏற்றம் வரவில்லை

'நோ ஆன்சர் டு ரிக்வெஸ்ட்' என்று வந்தால், ஒருமுறை மறுபடி கேட்டுவிட்டுக் கையால் ஏற்றத் தொடங்குங்கள். ஒருவர் தட்டிய பிறகு மற்றவர் தனியாக, முதலிலிருந்து, திட்டத் தாளைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். மொத்தத் தூரம் திட்டத்தோடு ஒத்துவருகிறதா என்பது முதல் சோதனை. ஆனால் அது மட்டும் போதாது. ஓர் இடப்புள்ளி தப்பாக இருந்தும் தூரத்தில் சில மைல்தான் மாறியிருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் திசையும் தூரமும் பாருங்கள். காற்றை எல்லா உயரத்துக்கும் தட்ட நேரம் இல்லையென்றால், பறக்கப் போகும் உயரத்துக்கும் ஏறுவதற்கும் முதலில் போட்டுவிட்டு, மற்றதைப் பிற்பாடு அமைதியான நேரத்தில் முடிக்கலாம்.

அறிகுறி: லோட் ஷீட் வரவில்லை, டேக்-ஆஃப் கணக்கு வரவில்லை

மற்றதெல்லாம் தாமதம் மட்டும்தான். இது அப்படியில்லை, அதனால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், இணைப்பு நன்றாக இருந்தும் இது வராமல் போகலாம். 2019 ஏப்ரல் 1 அன்று ஏரோடேட்டா நிறுவனத்தின் எடைக் கணக்கு அமைப்பு முடங்கியதால் அமெரிக்காவில் சவுத்வெஸ்ட், டெல்டா, அமெரிக்கன், யுனைடெட் உட்படப் பல நிறுவனங்களின் விமானங்கள் தாமதமாயின. குழாய் சரியாக இருந்தது, தண்ணீர் வருகிற இடத்தில்தான் அடைப்பு. மற்ற செய்திகள் வருகின்றன, இது மட்டும் வரவில்லை என்றால் அப்படி நினையுங்கள்.

வழி இரண்டு. தரைப் பணியாளர் கையில் அச்சிட்ட லோட் ஷீட்டைக் கொண்டுவரலாம். அல்லது ரேடியோவிலோ போனிலோ லோட் கன்ட்ரோல் எண்களைச் சொல்ல, நீங்கள் எழுதித் திருப்பிச் சொல்லலாம். நிறுவனம் அனுமதித்தால்தான் இரண்டாவது. எதுவானாலும் அந்த எண்களைக் கையால் எஃப்எம்எஸ்ஸிலும் ஐபேடில் உள்ள கணக்குச் செயலியிலும் போடப்போகிறோம்.

2003 மார்ச் 12 அன்று ஆக்லாந்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 747 உண்மையான எடையைவிட 100 டன் குறைவான எடைக்குக் கணக்கிட்ட வேகத்தில் மூக்கைத் தூக்கியது. வால் ஓடுபாதையில் உரசியது. 2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் எமிரேட்ஸின் ஏ340-இல் 362.9 டன் என்பது 262.9 என்று கணினிக்குள் போனது. ஓடுபாதை முடிந்த பிறகுதான் அது எழும்பியது. இரண்டிலும் எல்லோரும் பிழைத்தார்கள். 2004 அக்டோபர் 14 அன்று ஹாலிஃபாக்ஸில் எம்கே ஏர்லைன்ஸின் சரக்கு 747, முந்தைய புறப்பாட்டின் எடையை வைத்துக் கணக்கிட்டதால் விழுந்தது. இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். இவை எதற்கும் டேட்டாலிங்க் கோளாறு காரணம் அல்ல. ஆனால் டேட்டாலிங்க் இல்லாத காலையில் நாம் அதே மேசையில்தான் உட்காருகிறோம்: கையில் தாள், முன்னால் விசைப்பலகை, கதவருகே நேரம் கேட்கும் ஆள்.

ஏ320-இல் இதற்கு எளிய ஒரு காவல் உண்டு. 20,000 அடிக்குக் கீழே கிரீன் டாட் வேகம் (எடைக்கேற்ப எஃப்எம்எஸ் காட்டும் ஒரு வேகம்), டன் கணக்கில் உள்ள எடையின் இரண்டு மடங்கோடு 85 கூட்டினால் கிட்டத்தட்ட வந்துவிடும். 68 டன் என்றால் 221 நாட். இந்தக் கணக்கை எஃப்எம்எஸ்ஸில் உள்ள எடையை வைத்துப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் தப்பான எடைக்குச் சரியான விடை வரும். லோட் ஷீட் தாளைக் கையில் பிடித்து, அதில் உள்ள டேக்-ஆஃப் எடையை வைத்து மனதில் போட்டு, எஃப்எம்எஸ் காட்டும் கிரீன் டாட்டோடும் ஐபேட் காட்டும் கிரீன் டாட்டோடும் ஒப்பிடுங்கள். 68-க்குப் பதில் 58 என்று தட்டியிருந்தால் 20 நாட் இடிக்கும். கண்ணில் படாமல் போகாது.

ஐபேடில் இருவரும் தனித்தனியே, ஒருவர் திரையை ஒருவர் பார்க்காமல், தாளிலிருந்து எடுத்துப் போடுங்கள். ஒருவர் படிக்க இருவரும் தட்டினால் படித்தவரின் தப்பு இரண்டு ஐபேடிலும் ஏறும். நடுவில் யாராவது கதவைத் தட்டினால் அவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். நடுவில் விட்டுப் போனால் முதலிலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி: டேட்டாலிங்க் இல்லை, போக வேண்டியது கடல் தாண்டி

ஊருக்குள் பறக்கும் விமானத்துக்கு ஏகார்ஸ் இல்லாமை, பெரும்பாலும் மாற்று வழிமுறை இருந்தால் புறப்படலாம் என்ற அளவில்தான் எம்இஎல்லில் இருக்கும். சி வகை என்றால் 10 நாளுக்குள், டி வகை என்றால் 120 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், கண்டுபிடித்த நாளைக் கணக்கில் சேர்க்காமல். ஆனால் பாதை வேறு கேட்டால் எம்இஎல் அனுமதி மட்டும் போதாது. வட அட்லாண்டிக்கில் 29,000 முதல் 41,000 அடி வரை டேட்டாலிங்க் கட்டாயம். புறப்படும் முன்பே அது போய்விட்டால், அந்த உயரங்களைத் தவிர்த்துப் புதுத் திட்டம் தாக்கல் செய்ய வேண்டும். உயரம் குறைந்தால் எரிபொருள் கூடும், அதனால் டிஸ்பாட்சிடம் இதைச் சீக்கிரம் சொல்லுங்கள். திட்டத்தின் 10-ஆம் கட்டத்தில் டேட்டாலிங்க் இருப்பதைச் சொல்லும் ஜே குறியீடுகளையும் பி2-ஐயும் நீக்கச் சொல்வதும் இதில் சேர்த்தி. இல்லாத கருவியை இருப்பதாக எண்ணி ஏடிசி உங்களைப் பக்கத்து விமானத்தோடு நெருக்கமாக வைக்கக்கூடும். வங்காள விரிகுடாவுக்கு மேலே சென்னை ஏடிசியோடு விஓஎம்எஃப் என்ற லாகான் முகவரியில் பேசிப் பழகியவர்கள், அது இல்லாத நாளில் எச்எஃப் என்ற தொலைதூர ரேடியோவில் இடநிலை சொல்ல வேண்டும். தரையிலேயே எச்எஃப்பையும் செல்காலையும் (அதில் நம்மை அழைக்கும் மணி) சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அறிகுறி: எல்லாம் முடிந்தபின் திடீரென்று உயிர் வருகிறது

புஷ்பேக் முடிந்து, விமானம் கட்டட நிழலை விட்டு விலகியதும் பிரிண்டர் ஓடத் தொடங்கும். தேங்கிக் கிடந்த செய்திகள் வரிசையாக வரும். ஒருமுறை எங்களுக்கு இப்படி வந்த லோட் ஷீட், கையில் வாங்கிக் கணக்கிட்டிருந்த தாளுக்கு முந்தைய பதிப்பு. எடையில் வித்தியாசம் சிறியது. ஆனால் என் கோ-பைலட் புதிதாக வந்ததுதான் புதியது என்று நினைத்து எண்களை மாற்றத் தொடங்கிவிட்டார். அவர் மேல் தவறில்லை. அதைப் பற்றி நாங்கள் முன்கூட்டிப் பேசியிருக்கவில்லை.

அன்றிலிருந்து, குரலுக்கு மாறும் நேரத்திலேயே சொல்லிவிடுகிறேன்: "இனி டேட்டாலிங்கில் எது வந்தாலும் விமானம் நின்ற பிறகுதான் பார்ப்போம்." லோட் ஷீட் என்றால் பதிப்பு எண்ணையும் நேரத்தையும் பார்க்கிறோம். பழையது என்றால் கோடு போட்டு மடித்து வைத்துவிடுகிறோம். புதியது என்றால் தரையில் ஓடுவதை நிறுத்தி, முழுக் கணக்கையும் மறுபடி போடுகிறோம். குரலில் கிளியரன்ஸ் வாங்கிய பிறகு சிபிடிஎல்சியில் இன்னொன்று வந்தால் ஏற்பு பட்டனைத் தொடுவதில்லை. இரண்டில் எது செல்லும் என்று டவரிடம் வாயால் கேட்கிறோம். பிறகு கிளம்பிய நேரத்தைத் தாளில் குறித்து வைக்கிறோம், அது தானாகப் போய்ச் சேர்ந்ததா என்பது இறங்கிய பின் பார்க்க வேண்டியது. எந்த பேயில் நின்றபோது போயிற்று, எங்கே வந்தபோது திரும்ப வந்தது என்பதையும் டெக் லாகில் எழுதுகிறோம். 'ஏகார்ஸ் வேலை செய்யவில்லை' என்ற ஒற்றை வரியைவிட அது இன்ஜினியருக்கு உதவும்.